நாலு டோக்கன்

ஆயுத பூசைக் குலுக்கலில்
செக்கிங் செக்சனில் எனக்குத்தான் விழுந்தது:
நீலாம்பூர் பைபாஸ் ஓரம்
ராட்டினமும் அலைக்குளமும் இருக்கிற பார்க்கில்
நாலு பேருக்கு நுழைவு,
மீன்தொட்டி ஓட்டலில் மதியச் சாப்பாடு.

கிளம்புகிற நேரத்துக்குக் காங்கேயம் பஸ்ஸில்
நங்கை வந்து இறங்கினார், கையில் ஒரு சீப்பு கதளி.
வந்த ஒறம்பரையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டா போக முடியும்?
நுழைவுச் சீட்டு ஒன்று காசு கொடுத்து வாங்கினோம்.

சுவர் முழுக்கக் கண்ணாடி.
கண்ணாடி முழுக்கக் கடல்.
அந்த வெளிச்சத்தில் சோறுகூட
சொட்டுநீலம் கூடிப்போன வேட்டி மாதிரி இருந்தது.

ஒரு டோக்கனுக்கு ஒரு தட்டு,
பகிர்ந்து உண்ண வேண்டாம்,
கூடுதல் தட்டு அறுநூற்று ஐம்பது.
அட்டையை இவர் படித்ததை நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை இவரும் பார்த்தார்.
"காத்தால தின்ன இட்லியே நெஞ்சுல நிக்குது,
நீங்க உண்ணுங்க."
காலையில் இவர் குடித்தது அரை டம்ளர் டீ.

சாயப்பட்டறையில் பதினோரு வருசமாக
உப்பு மூட்டை பிரித்துக் கொட்டுகிற ஆள்.
தொட்டியைச் சுற்றி நடக்கிறார், மீனைப் பார்க்கவில்லை.
பைப்பைப் பார்க்கிறார், மீட்டரைப் பார்க்கிறார்,
ஓரத்துக் கசிவை விரலால் தொட்டு
நாக்கில் வைக்கிறார்.
நீலச் சட்டைக்காரர் ஒருவரிடம் ஏதோ கேட்டார்.
எத்தனை மூட்டை என்றுதான் இருக்கும்,
கையை விரித்த விதம் அப்படி.
பிறகு ஒரு கதவு திறந்து மூடியது.

நாங்கள் உண்டோம்.
புரட்டாசி. அதனால் பன்னீர், காலிபிளவர், தயிர்சோறு.
தலைக்கு மேல் மீன்கள் பயமில்லாமல் போய் வந்தன.
நங்கை மூன்று தரம் ரசம் வாங்கினார்.
இளம்பரிதி ஐஸ்கிரீமில் ஆரம்பித்து ஐஸ்கிரீமில் முடித்தான்.
இரண்டு சப்பாத்தியை டிஷ்யூவில் சுற்றிப்
பைக்குள் தள்ளும்போது
சர்வர் பையன் பார்த்துவிட்டான்.
ஒடிசாக்காரன்.
"இன்னொண்ணு வெக்கட்டுங்களா?" என்று
எங்கள் பேச்சிலேயே கேட்டு
வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்போதுதான் மகள் சொன்னாள்:
"அம்மா, அப்பா கடலுக்கு அந்தப் பக்கம் இருக்காரு."

தொட்டிக்குப் பின்னால் நோட்டுப் புத்தக அளவில் ஒரு சன்னல்.
கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து
டிபன் மூடியில் சோறு உண்கிறார்.
கை வாய்க்குப் போகிறது.
ஒரு திருக்கை வந்து மறைக்கிறது.
விலகுகிறது. மறுபடி கை.
கல்யாணமாகிப் பதினாலு வருசத்தில்
இவர் உண்பதை இவ்வளவு நேரம்
சும்மா உட்கார்ந்து பார்த்ததில்லை நான்.

திரும்பி வந்தவர் பேசிக்கொண்டே வந்தார்.
"சந்தியாகுன்னு பேரு. வேம்பார்க்காரர்.
நம்ம பட்டறைக்கு வர்ற உப்பு அவங்கூர்ப் பக்கந்தானாம்.
இந்தக் கடலை அவருதான் கலக்கறாரு.
கணக்குப் போட்டுப் பாத்தோம்,
நம்ம சாயத்தொட்டியிலதான் உப்பு எச்சு.
கடலெல்லாம் கம்மி."
கடலை ஜெயித்துவிட்ட முகம்.

விரலில் மீன்குழம்பு வாசம்.

நங்கை பெருமாளுக்கு மாசம் முழுக்க விரதம்.
தம்பியும் விரதம் என்றே நினைத்திருக்கிறார்.
கல்லா மேசையிலிருந்து ஒரு கை சோம்பு அள்ளி
இவர் உள்ளங்கையில் கொட்டினேன்.
ஏன் என்று கேட்கவில்லை. மென்றார்.

பஸ்ஸில் நங்கை மூக்கைச் சுளித்தார்.
"ஏம்புள்ள, மீன் வீச்சம் அடிக்குதே?"
"தொட்டிகிட்டயே நின்னுட்டிருந்தாருங்க" என்றேன்.
சன்னல் பக்கம் திரும்பி இளம்பரிதி சிரித்தான்.
அவனுக்கு எவ்வளவு தெரியுமோ.

கருமத்தம்பட்டி தாண்டியதும்
பையிலிருந்து மூன்று சப்பாத்தியையும் எடுத்து நீட்டினேன்.
இவர் என்னைப் பார்த்தார், டிஷ்யூவைப் பார்த்தார்.
வயிறு நிறைந்தவர் தின்கிற மாதிரி
மெதுவாக
மூன்றையும் தின்றார்.