பதினோரு குதிரை

மூன்றாவது கியரில் பாம்பன் பாலம் ஏறியதாம் வண்டி.
ஏறியது இரண்டில்தான்.
மூன்று என்று சொன்னது ரெமிஜியஸின் மானம்.
பெட்டிக்குள் நண்டும் ஐஸும் ஒன்பது டன்,
பின்னால் சுற்றுலா பஸ்களின் ஹாரன்,
உருகிய நல்ல தண்ணீர் சொட்டுச் சொட்டாய்
உப்புத் தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்தது.
"குதிரை பத்தலண்ணே" என்றார்,
உச்சிப்புளியில் என் பட்டறை வாசலில் இறங்கியதும்.

நாமக்கல் தம்பி ஒருவன் முன்பே பேசிவிட்டுப் போயிருக்கிறான்.
ஒரு லேப்டாப், ஒரு வயர், முக்கால் மணி நேரம்.
நாற்பது குதிரை, இருபத்தெட்டாயிரம்.
யூரியா டேங்க் என்று ஒன்று இருப்பதையே
இன்ஜின் மறந்துவிடும்.
கரி வடிகட்டியின் வயிற்றை அறுத்து
வெறும் குழாய் வைப்பான்.
எச்சரிக்கை விளக்கும் எரியாது.
"ஆர்டிஓவுக்கே தெரியாதாம்ணே."

பெரியபட்டினத்தில் அரபுக் குதிரைகள் வந்திறங்கிய காலத்தில்
அவற்றுக்கு நெய்ச்சோறு ஊட்டினார்கள் என்பார்கள்.
தின்றே செத்தனவாம்.
அடுத்த கப்பலுக்குச் சொல்லியனுப்பினார்களாம்.
யார் சொல்லிக் கேட்டேன், நினைவில்லை.
டீசல் ஊட்டிக் கொன்ற பிஸ்டன் ஒன்று
என் மேசையில் ரசீதுகளுக்குப் பாரமாக இருந்தது.
தலையில் விரல் நுழையும் ஓட்டை.
எடுத்துக் கொடுத்தேன்.
ரெமிஜியஸ் விரலை விட்டுப் பார்த்தார். எடுத்தார்.
மறுபடி விட்டார்.

நானும் இரண்டு வண்டிக்கு அறுத்தவன்தான்.
அதில் ஒன்று இன்னும் விடியலில் இந்த வழியே போகிறது.
கொடியில் காயும் துணியில் கரி விழுந்தால்
என் மனைவி பெயர் சொல்லாமல் ஏசுவாள்.
எனக்குப் பெயர் தெரியும்.

சீனிக்கனி சோப்பு நுரையோடு கீழே படுத்தான்.
டர்போ ஹோஸில் முதலில் ஒரு குமிழி,
பிறகு ஒரு குடும்பமே.
இன்டர்கூலர் இலைகளுக்குள் உப்பு, மணல்,
காய்ந்த வெட்டுக்கிளி ஒன்று.
காற்று வடிகட்டியைத் தட்டினால்
வாலிநோக்கத்து உப்பளத்தில் கால் பங்கு.
பின் வலது பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது;
அங்கே ஒரு குதிரையைக் கட்டிப்போட்டு
யாரோ மறந்திருந்தார்கள்.
கரி வடிகட்டியை அறுக்கவில்லை. எரியவிட்டோம்.
நின்ற இடத்திலேயே நாற்பது நிமிடம் உறுமி
தன் கரியைத் தானே தின்றது வண்டி.
ராமநாதபுரம் டீலரிடம்
கம்பெனியே தந்த புது மென்பொருள், முத்திரை வைத்த ரசீதோடு.

குதிரை எண்ணும் இயந்திரம் என்னிடம் கிடையாது.
பாலம் இருக்கிறது.
மறுநாள் அதே ஒன்பது டன், அதே எதிர்க்காற்று.
உச்சியில் மூன்றாவது கியர், நிஜமாகவே மூன்று.
ஃபோன் கடிகாரம், எடைமேடைச் சீட்டு,
பத்தாம் வகுப்புக் கணக்கு.
பதினொன்று வந்தது.
பதினைந்து என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்.

புகைப்போக்கி வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தார்,
இரண்டு பக்கமும் திருப்பினார்,
அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.
"நாப்பது இல்லையே" என்று ஐந்நூறு குறைத்தார்.
கொடுத்தேன்.
போகும்போது அந்த பிஸ்டனையும் கேட்டார்.

இப்போது அது அவர் டேஷ்போர்டில்,
வேளாங்கண்ணி மாதாவுக்குப் பக்கத்தில்.
கச்சான் காற்றில் என் ரசீதுகள் பறக்கின்றன.
வேறொன்று வரும்.
நாமக்கல் தம்பி மாதம் இருமுறை
இந்த வழியே போய்வருகிறான்.