நடு நாற்காலி

தீர்ப்பு வியாழனன்றே வந்துவிட்டது,
ரங்கூன் ரயிலில், அரிசிக் கணக்குகளோடு ஒரே பையில்.
விசாரணை திங்கட்கிழமை.
இடைப்பட்ட இரண்டு நாளில் மூன்று பிரதி அடித்தேன்.
கார்பன் பழசு. கடைசிப் பிரதியில்
எல்லாம் விழுந்திருந்தது,
குற்றவாளியின் பெயரைத் தவிர.

பெகு மக்கள் நீதிமன்றத்தில் நாற்காலி மூன்று.
ஓரத்தில் இருவர், ஒருவர் தூங்க, ஒருவர் தலையாட்ட.
நடுவில் ஊ போ ஞுன்.
நடுவில் இருப்பவர் நடுவர்;
தமிழில் அப்படி ஒரு வசதி.
நெல் ஆலையில் கொதிகலன் மேஸ்திரி அவர்.
கட்சி அட்டை தந்து, தலைப்பாகை தந்து
சட்டப் புத்தகத்தையும் கையில் வைத்தபோது
என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துக் கேட்டார்,
"இதை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது?"

கூண்டில் ஞானாதிக்கம்.
அரிசி கேட்டு நூற்பாலையை நிறுத்திய நாற்பது பேரில்
பர்மியப் பெயர் வைத்துக்கொள்ளாத ஒருவன்.
ஒப்புதல் வாக்குமூலம் நல்ல பர்மிய நடை,
உவமைகூட இருந்தது.
அவனுக்கு எழுத்து வராது.
கட்டைவிரலுக்கு எல்லா மொழியும் தெரியும்.

பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கொண்டுவந்து உட்கார்த்தியிருந்தார்கள்.
கைதட்ட வேண்டிய இடங்களை
டீச்சர் ஒரு துண்டுச்சீட்டில் வைத்திருந்தாள்.

வரிக்கடியில் விரலை நகர்த்தி நகர்த்தி
வாசித்து வந்தவர்
மூன்றாம் பக்கத்தில் நின்றார்.
கண்ணாடியைக் கழற்றினார். கூண்டைப் பார்த்தார்.
"தமீன் சா பீபிலா?"

சோறு தின்றாயா.
தெருவில் யாரும் யாரையும் கேட்பது,
பதிலுக்கு யாரும் நிற்பதில்லை.
மொழிபெயர்க்க எழுந்தேன்; எனக்கு வேலை இருக்கவில்லை.
"மசாயதேபூ" என்றான் அவன்.
இன்னும் இல்லை.

சட்ட அதிகாரி கோப்பைப் புரட்டினார், முன்னும் பின்னும்.
டீச்சர் சீட்டைப் பார்த்தாள்.
பின்வரிசையில் ஒரு பையன் மட்டும்
கைதட்டிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

ஊ போ ஞுன்னின் விரல்
விட்ட வரியைத் தேடிக் கண்டுபிடித்தது.
பதினான்கு ஆண்டு.
முற்றுப்புள்ளியில்கூட மூச்சு விடவில்லை.

மாலையில் அவர் அறையில் கேட்டேன்,
"அந்தக் கேள்வியைக் குறிப்பில் சேர்க்கட்டுமா?"
பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.
சீவிக்கொண்டே இருந்தார்.
கை காட்டியதும் பிரதிகளை நீட்டினேன்.
ஒன்றில் கையெழுத்து. இரண்டில் கையெழுத்து.
மூன்றாவதில் பெயர் இருக்க வேண்டிய வெற்றிடத்தில்
பென்சில் நின்றது.

"இது யாருக்கு?"

"கோப்புக்கு" என்றேன்.