கடன் வாங்கிக் கழித்தல்

பள்ளிபாளையத்தில் பயிற்சிக்கு வந்து பதினோராம் நாள்.
ஜன்னலுக்கு வெளியே தறி ஓயவில்லை,
மூன்றாம் வகுப்புக்குக் கத்தித்தான் பாடம்.

ஐம்பத்திரண்டில் இருபத்தேழு.
"ரெண்டுல ஏழு போகாது,
பக்கத்து வீட்டுல கடன் வாங்கு."
எனக்குச் சொன்னதையே நானும் சொன்னேன்.

பூவரசன் நோட்டில் முப்பத்தைந்து.
சுழிக்கப் போன சிவப்பு மை பேனாவிடம்
அவன் சொன்னான்:
"வாங்குன ஒண்ணக் கடசீல
திருப்பிக் குடுத்துட்டனுங் டீச்சர்."

போன வாரம் மூன்று நாள் வரவில்லை.
கேட்டதற்கு,
"அம்மாளுக்குத் தார் சுத்திக் குடுத்தனுங்."
அப்பா வாங்கிய முன்பணம்
தீபாவளிக்கும் தீரவில்லையாம்;
அதைச் சொன்னது பக்கத்து இருக்கைப் பெண்.

என் பாடக்குறிப்பில்
'முன்னறிவு' என்றொரு கட்டம் உண்டு.
ஈரிலக்க எண்களை அறிவர்
என்று எழுதிக்
கையெழுத்தும் வாங்கியிருந்தேன்.

மறுநாள் ஈர்க்குச்சி:
ஐந்து கட்டு, உதிரி இரண்டு.
ஒரு கட்டை அவனையே அவிழ்க்கச் சொன்னேன்.
"இது யாருகிட்டயும் வாங்குனதில்லைடா.
உன்னோடதுதான். பிரிச்சுக்கிட்டோம், அவ்வளவுதான்."

இருபத்தேழை எடுத்து ஓரமாக வைத்தான்.
மீதியை மூன்று தடவை எண்ணினான்,
நம்பாமல்.
"அப்ப ஆருக்கும் தரவேண்டாமுங்களா?"

கடைசி வரிசையில் மேற்பார்வைக்கு வந்த அம்மா
'கரும்பலகைப் பயன்பாடு குறைவு'
என்று எழுதிக்கொண்டிருந்தார்.
குறைவுதான்.

மணி அடித்தது. குச்சிகளைப் பொறுக்கிக் கொடுத்தான்.
ரப்பர் பேண்டு மட்டும் அவன் மணிக்கட்டில்.
அதை நான்
திருப்பிக் கேட்கவில்லை.