இரண்டு கைகளையும்

டார்ட்டு மாவட்ட நீதிமன்றம், அறை எண் நான்கு.
பிப்ரவரி. காலணிப் பனி உருகித்
தரையெல்லாம் சின்னச் சின்னக் குட்டை.
என் இடம் நீதிபதிக்கு இடப்புறம்,
விளக்கு விரல்களில் விழும்படி.
சாட்சி இல்லை நான், கட்சியும் இல்லை.
சத்தத்தைக் கையாக்கி, கையைச் சத்தமாக்கிக்
கூலி வாங்குகிறவள்.

இந்த வேலையில் ஒரு விதி:
யாருக்காகப் பேசினாலும் 'நான்' என்றே பேசவேண்டும்.
லெய்தா கையசைத்தால் நான் லெய்தா.
வயது முப்பத்தொன்று. பிறந்ததிலிருந்து காது கேட்காது.
எண்ணிக்கை பத்தைத் தாண்டாது.
பராமரிப்பு இல்லத்தின் இரண்டாம் மாடியில்
பச்சைத் திரை போட்ட அறை எனது.
புதன்தோறும் நீச்சல் குளத்துக்கு
வேன் ஓட்டியவர் யார் என்றார்கள்.
சாவிக்கொத்து ஆடுவதுபோல் விரல்களை ஆட்டினேன்.
அதுதான் அவள்
அவனுக்கு வைத்திருந்த பெயர்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.
இப்போது என் கைகள் அவருடையவை.
'பதினேழு ஆண்டுச் சேவை. முன்குற்றம் இல்லை.
மனைவிக்கு வாரம் மூன்று டயாலிசிஸ்.
அந்தப் பெண் மறுத்ததாக
எங்கும் பதிவில்லை.'
அதையும் செய்தேன், விரல் பிசகாமல்.
அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல்
லெய்தா என் கைகளையே பார்த்திருந்தாள்.

'தணிவுக் காரணம்' என்பதற்கு
எங்கள் சைகையில் ஒற்றைச் சொல் கிடையாது.
எடையைக் குறைக்கச் சொல்கிறார் என்று காட்ட,
இல்லாத தராசின் ஒரு தட்டை
உள்ளங்கையால் மெல்ல உயர்த்தினேன்.
அவள் எழுந்து வந்து
அந்தத் தட்டைக் கீழே அழுத்தினாள்.
காவலர் உட்காரச் சொன்னார்.

நீதிபதி கருசோ கண்ணாடியைத் துடைத்தார்.
ஒரே ஒரு கேள்வி கேட்டார்:
அப்போது உன் கைகள் எங்கே இருந்தன?

லெய்தா இடக்கையால் வலது மணிக்கட்டைப் பற்றினாள்.
விட்டாள்.
வலக்கையால் இடது மணிக்கட்டைப் பற்றினாள்.
இரண்டையும் ஒருசேரக் காட்ட
மூன்றாவது கை இல்லை அவளிடம்.
என்னைப் பார்த்தாள்.
கடன் கொடுக்க எனக்கு அனுமதியில்லை.
கையறு நிலை என்பார்கள்,
இங்கே அது உவமை அல்ல.
என் தொண்டையிலிருந்து வந்தது:
'அவர் என் இரண்டு கைகளையும்
பிடித்துக்கொண்டார்.'

மதியத்துக்குப் பின் தீர்ப்பு.
'தன் பொறுப்பில் விடப்பட்டவரை,
எதிர்க்க இயலாதவரை' என்று தொடங்கும் உட்பிரிவை
நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.
நான் யாரோ ஒரு குமாஸ்தாவை நினைத்தேன்.
என்றோ ஒரு மாலை, ஆறிய காப்பியோடு,
'எதிர்க்காதவர்' என்றிருந்ததை அடித்துவிட்டு
'எதிர்க்க இயலாதவர்' என்று எழுதியிருப்பார்.
லெய்தாவை அவருக்குத் தெரியாது.
அந்த ஒரு சொல்லைத் திருத்தாமல்
வீட்டுக்குப் போயிருந்தால்
வேன் இன்றும் புதன்கிழமை வந்திருக்கும்.

'கையால் பேசுகிறவரின் கையைப் பிடிப்பது
வாயைப் பொத்துவது.
தண்டனையைக் கூட்டும் காரணமாக
இதையும் சேர்க்கிறேன்.'
ஏழு ஆண்டு, நான்கு மாதம்.

ஏழு குளிர்காலம் என்று காட்டினேன்.
விரல் மடக்கி எண்ணினாள்.
அவள் கணக்குக்குள் அடங்கும் எண்தான்.
பிறகு கேட்டாள்.
விதிப்படி நான் உரக்கச் சொன்னேன்:
'அதற்கப்புறம்?'
தட்டச்சு மட்டும் ஓடியது.
அதையும் பதிவு செய்துகொண்டார்கள் போலும்.

வெளியே மைனஸ் பதினான்கு.
லெய்தாவின் கம்பளிக் கையுறைகள்
கழுத்துக் கயிற்றில் தொங்கின.
மாட்டிக்கொள் என்றேன்.
தலையாட்டி மறுத்தாள்.
பேருந்து நிறுத்தம் வரைக்கும்
சிவந்த விரல்களோடு பேசிக்கொண்டே வந்தாள்:
குளத்தின் ஆழப் பக்கம், கறுப்பு ரொட்டி,
இனி வேனை யார் ஓட்டுவார்,
அது பெண்ணாக இருக்குமா, சாவியை ஆட்டுவாளா.
யாருக்கும் பெயர்த்துச் சொல்லவேண்டியதில்லை.
என் கைகள் கோட்டுப் பைக்குள் கிடந்தன,
முதல்முறையாக
வெறுமனே கேட்டுக்கொண்டு.