நாலு கட்டைத் தண்ணீர்

ஆலை எடைப்பாலத்தில் இருபத்திரண்டு வருஷம்
லாரிகளின் எடையை எழுதுகிறவள் நான்.
வந்த எடை, போன எடை,
நடுவில் செம்பனைக் குலை.
அதனால்தான் தோட்டத்து ஏலத்தில்
அந்த இரும்புப் படகைப் பார்த்ததும்
மனசுக்குள் எடை போட்டேன்:
பழைய இரும்பாக மூன்றரை டன்,
கிலோ எண்பது காசு.
லிம் தவுக்கே இரண்டாயிரத்து அறுநூறு வெள்ளி என்றான்.
இரண்டாயிரத்து எழுநூறு என்று
யாரோ சொன்னார்கள்,
என் குரலில்.

பாதிப் பணம் தைரியநாதனுடையது.
இதே வாய்க்காலில் குலைப் படகுகளை
டிராக்டரில் கட்டிக் கரையோரம் இழுத்தவர்.
இப்போது பள்ளிப் பஸ் ஓட்டுகிறார்.
முன்பாதி அவருக்கு, பின்பாதி எனக்கு
என்று கோப்பிக் கடையில் பேசி முடித்தோம்.
இன்ஜின் பின்னால் இருப்பது
எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

நாற்பத்து நாலடி நீளம், ஆறேகாலடி அகலம்.
உள்ளே இருவர் எதிரெதிர் வந்தால்
ஒருவர் கோப்பிக் குவளையோடு
பின்னால் நடக்க வேண்டும்.
வாய்க்கால் மொத்தம் நாலு கட்டை.
ஆலைக்குப் பின்புறம் தொடங்கித்
தண்ணிக் கதவில் முடிகிறது.
அதற்கப்பால் சேறு, நண்டு, கடல்.
படகைத் திருப்ப ஒரே இடம்,
பதினேழாம் நம்பர் காட்டில் கிளை பிரியும் முனை.

எதுக்கு? என்று கேட்காத ஆள் இல்லை.
மீனா? சுற்றுலாவா? கடத்தலா?
மூன்றும் இல்லை என்றோம்.
கடத்தல் என்றிருந்தால்
கொஞ்சம் மரியாதையாவது கிடைத்திருக்கும்.

படகோ கேட்டுக்கொண்டே இருந்தது.
ஓடிய நாளெல்லாம் தண்டுக்கு ஒரு திருகு கிரீஸ்.
விசிறியில் சுற்றிய ஆகாயத்தாமரை, உரச்சாக்கு,
ஒருமுறை யாருடையதோ பூப்போட்ட கைலி.
அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால்
விரலில் தொட்டு நாக்கில் வைப்பார் தைரியநாதன்.
சப்பென்றால் மழை. கரித்தால் வாய்க்கால்.
இதைத் தவிர வேறு மீட்டர் எங்களிடம் இல்லை.

துத்தநாகக் கட்டி நாலு வாங்கி வைத்தோம்.
அடியில் பற்றவைத்தால்
உப்பு முதலில் அதைத் தின்னும்,
படகை விட்டுவிடும் என்றார் பாக் ஹம்டான்.
யார் வீட்டு மருமகள் இது என்று கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
வெல்டிங் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

ஜூலையில் தூர்வார
வாய்க்காலை இறக்கினார்கள், ஒன்பது நாள்.
படகு சேற்றில் சாய்ந்து உட்கார்ந்தது,
ஒரு பக்க வயிறு முழுக்க வெளியே.
பாசி சுரண்டினோம். சிப்பி பெயர்த்தோம்.
கறுப்புத் தார் இரண்டு பூச்சு
முழங்கை வரை எங்களுக்கும்.
எட்டாம் நாள் சாயங்காலம்
சும்மா இருக்காமல் சுத்தியலை எடுத்துத்
தட்டிக்கொண்டே போனேன்.
ணங். ணங். ணங்.
தொப்.
இன்னொரு முறை தட்டியிருக்கக் கூடாது.

ஐம்பது காசு அளவு ஓட்டை.
தைரியநாதன் அதற்குள் ஒரு கண்ணை வைத்து
என் பாதியைப் பார்த்தார்.
பாக் ஹம்டான் கல்யாணத்துக்காகக் கிளந்தானில்.
காலை ஆறுக்குத் தண்ணீர் வரும்.

பஸ் டியூபை வெட்டினோம்.
உள்ளே ஒரு தகடு, வெளியே ஒரு தகடு,
நடுவே ரப்பர், துணி சோப்பு, ஒரே ஒரு போல்ட்டு.
முறுக்கினார், முறுக்கினார்,
இதற்கு மேல் முறுக்கினால் போய்விடும் என்று
நான் கையைப் பிடிக்கும்வரை.

ஆறு பத்துக்கு வந்தது,
பால் கலந்த கோப்பி நிறத்தில்.
சேறு எங்களை விடமாட்டேன் என்று
கொஞ்ச நேரம் பிடித்திருந்தது.
பிறகு அடியில் ஏதோ உறிஞ்சிய சத்தம்,
டார்ச் உருண்டது, தரை நிமிர்ந்தது.
இருவரும் போல்ட்டையே பார்த்திருந்தோம்.

ஒரு சொட்டு
தகட்டின் ஓரம் திரண்டு நின்றது.
தொட்டு நாக்கில் வைத்தார்.
வெகுநேரம் சுவைத்தார்.
மழை, என்றார்.

பதினொரு நாளாக மழையே இல்லை.
நான் ஒன்றும் சொல்லாமல்
பஞ்சை எடுத்தேன்.