கழுநீர்ப் பூ

கிழங்கைக் கழுவிய நீர்,
அரைத்த நீர்,
மாவு அடியில் தங்கியபின் மேலே நின்ற நீர்,
எல்லாம் மூன்றாம் தொட்டிக்கு வந்து சேரும்போது
பழுப்பு. நுரை. மூக்கைப் பொத்த வைக்கும் வீச்சம்.

குரோனிங்கன். அக்டோபர். இரவுப் பணி.
இரும்புப் படியேறி
ஹேஸ்கே வுபெனா
மூடிக் கண்ணாடியில் டார்ச் அடிக்கிறாள்.
உள்ளே சுழல்கின்றன வெள்ளை உருண்டைகள்,
ஊறிய ஜவ்வரிசி அளவில்.

காற்றூதிக் கலக்கி
காடிப் புளிப்பில் வைத்திருந்தால்
தனித்தனியாய்த் திரண்டு தின்னும்.
கொஞ்சம் அசந்தால்
துடுப்பைச் சுற்றிச் சடை பிடிக்கும்.
போன புதன் அப்படித்தான்.
அரை நாள் கத்தியால் அறுத்தார்கள்,
அவளும் புதிதாய்ச் சேர்ந்த யெல்மரும்.
"ரொட்டியில் இது வந்தால் குப்பையில் போடுவோம்" என்றான்.
"இங்கே வராவிட்டால்
நம்மைப் போடுவார்கள்."

அவள் மொழியில் எப்படியோ, தெரியாது.
என் மொழியில் பூசணம் பூக்கிறது.
கழுநீர் என்றால் கழுவிய தண்ணீர்.
கழுநீர் என்றால் குளத்தில் ஒரு பூ.
இரண்டையும் ஒரே சொல்லில் வைத்தவர்
இந்தத் தொட்டியைப் பார்த்திருக்க மாட்டார்.

இரண்டே முக்காலுக்கு ஊதுகுழல் நின்றது.
முதலில் சத்தம் போனது.
பிறகு வாசம் மாறியது:
ஈர மண்ணிலிருந்து
கெட்ட வெண்ணெய்க்கு.
வேறு யாரோ உள்ளே பந்தி போடுகிறார்கள்.

கால்வாய் மதகு எட்டடியில்.
திறந்தால் விடிவதற்குள் காலியாகிவிடும்,
இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்.
அவள் ஆலைக்குப் போன் செய்தாள்.
"அரவையை நிறுத்து."
"வெளியே பதினேழு லாரி நிற்கிறது, ஹேஸ்கே."
"நிற்கட்டும்."

நின்றன.
மழையில் விளக்கெரிய,
கிழங்கும் வசவுமாக,
கதவைத் திறந்து ஒருவன் ஹாரனைத் தட்டிக்கொண்டே இருந்தான்.
அமிலக் கேனைத் தோளில் சாய்த்து
அவள் அளந்து அளந்து ஊற்றினாள்.
ஒரு ஃபியூஸோடு ஹார்மானுஸ் வந்தபோது மணி நாலேகால்.

குமிழி. ஒன்று. பிறகு கொதிபோல.

காலை ஏழுக்குக் குப்பியில் எடுத்த மாதிரி
ஆயிரத்து நானூறு காட்டியது.
உள்ளே வந்தது ஒன்பதாயிரம்.
அனுமதி ஆயிரத்து இருநூறுதான்.
இன்னும் ஒரு பகல் சுழல வேண்டும்.

வடிகட்டியில் தேங்கியதை
யெல்மர் ஒரு பிடி அள்ளிப் பிழிந்தான்.
நனைந்த கம்பளிபோல் இருந்தது.
பன்றிப் பண்ணைக்காரர் பத்து மணிக்கு வந்து எடுத்துப்போவார்.
ஹேஸ்கே கையெழுத்துப் போட்டாள்,
பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீர் கொட்டினாள்,
முகர்ந்து பார்த்தாள் தன் சட்டைக் கையை.

ஈர மண்.