ஓவருங்க

ஜாம்போரிக்கு ஆள் கேட்டு வந்த கடிதம்
ஆகஸ்ட் முழுக்க அறிவிப்புப் பலகையில் இருந்தது.
பன்னிரண்டு நாள், கூடாரம், கடல் தாண்டி ஒரு புல்வெளி,
நாற்பதாயிரம் சாரணர்கள்.
கட்டணம் என்ற இடத்தில் விரலை வைத்து
கோகிலவாணி சுழியங்களை எண்ணினாள்.
நம்பாமல் இன்னொரு முறை எண்ணினாள்.
பிறகு அதன் மேலேயே
சத்துணவு முட்டைக் கணக்கை யாரோ குத்திவிட்டார்கள்.

அக்டோபரில் வேறொன்று வந்தது.
வானலையில் ஜாம்போரி.
பாஸ்போர்ட் வேண்டாம், பத்து மீட்டர் செம்புக் கம்பியும்
அதைக் கட்ட இரண்டு உயரமும் போதும்.
வெள்ளக்கோவிலில் மழைக்குத்தான் பஞ்சம்.
ஒரு முனை தண்ணீர்த் தொட்டியில்,
மறுமுனை பள்ளிக்குப் பின்னால் ஒற்றைப் பனையில்.
மௌலீசுவரன் பாதிவரை ஏறிக் கட்டினான்.
பேட்ஜுக்காக மட்டும் படித்த குளோவ் ஹிட்ச்
முதன்முறையாக எதையோ தாங்கியது.

பெட்டியை மொபெட்டில் வைத்து
முத்தூரிலிருந்து கொண்டுவந்தார் சென்னியப்பன்,
மோட்டாருக்குக் காயில் கட்டுபவர், ரேடியோ உரிமம் உள்ளவர்.
சுவிட்சைப் போட்டதும்
உலகம் எங்களுக்கு இப்படிக் கேட்டது:
டடக் டடக் டடக்.
மதிலுக்கு அந்தப் பக்கம் ஆறு தறி.
"அது ஓடற வரைக்கும் கண்ணு,
பின்லாந்தும் வராது, பெருந்துறையும் வராது."

ஆறில் இரண்டு என் அம்மா ஓட்டுவது.
மதில்மேல் ஏறிக் கத்தினேன்.
"நிறுத்தோணும். கால் மணி நேரம்."
"எதுக்கு?"
"பேச."
"ஆருகூட?"
அது தெரியாததால்தான் பேசுகிறோம் என்பதை
தறிச் சத்தத்துக்கு மேலே எப்படிச் சொல்வது?
முதலாளியின் வண்டி நிற்கும் வேப்பமரத்தடியை
அவள் ஒருமுறை பார்த்தாள்.
வண்டி இல்லை.
ஒவ்வொன்றாக ஆறும் நின்றன.

அப்படியோர் அமைதியை எங்கள் தெரு
மின்வெட்டில்தான் கேட்டிருக்கிறது.
பெட்டிக்குள் மணல் சலிக்கிற ஓசை.
ஒரு விசில் வளைந்து போனது.
பிறகு, ஆயிரம் அடி போர்க்குழிக்குள் இருந்து பேசுவதுபோல
ஒரு பையன்.

மைக்கை கோகிலவாணியிடம் தள்ளினோம்.
ஆங்கிலம் வாசிக்கச் சொன்னால்
பெஞ்சுக்கடியில் பேனா தேடுகிறவள்.
பேரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள்.
இங்கே வெயில் என்றாள்.
முடிக்கும்போது ஓவர் என்று சொல்லவேண்டும், அதுதான் விதி.
முகம் தெரியாதவரிடம்
அப்படி மொட்டையாகவா பேசுவது?
"ஓவருங்க" என்றாள்.

சிரித்துவிட்டோம். சென்னியப்பன் உதட்டில் விரல் வைத்தார்.
மணல் சலித்தது.
அவன் பெயர் ஆர்வோவோ ஆர்வியோ.
அங்கே இலையெல்லாம் கொட்டிவிட்டதாம்.
அவர்கள் அணியில் ஏழு பேராம், ஏரிக்கரையில் இருக்கிறார்களாம்,
சூப் கொதிக்கிறதாம்.
சொல்லி முடித்து, கொஞ்சம் தயங்கி,
எங்கள் ஊர் விதி அதுவென்று நினைத்தோ என்னவோ
அவனும் சொன்னான்:
"ஓவருங்கா."

நான்கு நிமிடம். அலை மங்கிவிட்டது.
மிச்ச நேரம் முழுக்க மணலைத்தான் கேட்டோம்,
யாரும் எழுந்திருக்கவில்லை.
லாக் புத்தகத்தில் நேரத்தை எழுதினோம், அலைவரிசையை எழுதினோம்.
ஊர்ப் பெயருக்கு நேராக ஒரு கோடு.
அதன் எழுத்து எங்கள் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

இரவு, முழங்கைப் பஞ்சைக் கழுவியபடி அம்மா கேட்டாள்:
"பேசுனீங்களா?"
"பேசுனோம்மா."
"தறிக்கு ஒரு மீட்டர் போச்சு. ஆறு மீட்டர்."
கோபமில்லை. அளவைச் சொன்னாள், அவ்வளவுதான்.
துண்டில் கை துடைத்துவிட்டு,
"அந்தப் பையன் எந்தூரு?"
சொல்லத் தெரியவில்லை.
"சூப்பு வெச்சிருக்கறானாமா" என்றேன்.
"வெக்கட்டும்" என்றாள், "குளுருக்கு நல்லது."